இன்னும் கால் சுற்று

"அம்மிணி, பம்ப்பு ஸ்குரூவ இன்னும் கால் சுற்று திருகட்டுமா?" என்று கேட்டான் செங்கோடன்.

கேட்டவனுக்கு ஐம்பத்திரண்டு வயது. லாரிக்காரன். அவன் அம்மிணி என்று கூப்பிடும் ஜெசிந்தாவுக்கு முப்பத்தாறு. சங்ககிரியில் லாரி டீசல் பம்ப் பழுது பார்க்கும் ஷெட் வைத்திருக்கிறாள். லோடு இல்லாத நாளெல்லாம் அவளிடம் ஸ்பேனர் துடைத்துக் கொடுத்துத் தொழில் கற்றான். வெட்கமாவது மண்ணாவது!

"இதுவரைக்கும் எத்தனை தடவைங்ணா திருகுனீங்க?"

"ஏழு தடவை."

"பிரஷர் மீட்டர் முள்ளு?"

"நிக்கறப்ப நல்லாத்தான் காட்டுது. லோடோட மலையேறுனா, மூணாவது வளைவுல பொத்துனு விழுந்துடுது. டீசல் வராம வண்டி நின்னுடுது. புதுப் பம்ப்பு அம்மிணி!"

நின்றால் வண்டி பின்னால் உருளும். ஓடிப்போய்ச் சக்கரத்துக்குக் கட்டை போடுவது அவன் மனைவி பாவாயி. போன வாரம் கட்டை வழுக்கிவிட்டது. அவள் பெருவிரலுக்கு ஒரு விரற்கடை தள்ளிச் சக்கரம் நின்றது. அன்றிலிருந்து மலையடி வந்தாலே கட்டையை மடியில் தூக்கி வைத்துக்கொள்வாள். கண் மூடமாட்டாள்.

அப்போதுதான் வந்து நின்ற வண்டி, அணைக்காத எஞ்சினோடு முனகிக்கொண்டிருந்தது. பங்குனி வெயில். வேப்பம்பூ உதிர்ந்துகொண்டே இருந்தது. அந்த முனகலைக் கேட்டால் நின்றபடியே தூக்கம் வரும்.

ஜெசிந்தா ஒரு பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"வாயை எடுக்காம குடிங்க."

கவ்விக் குடித்தான். இரண்டு மடக்கு. பாட்டில் ஒடுங்கியது. தண்ணீர் நின்றது.

"வரல அம்மிணி."

"நல்லா இழுங்க."

கண் பிதுங்க இழுத்தான். பாட்டில் நெறுநெறுத்தது.

"அட, வரமாட்டேங்குது!"

"அப்ப இன்னும் கால் சுற்று இழுங்க."

கேபின் படியில் உட்கார்ந்திருந்த பாவாயி சிரித்துவிட்டாள். ஒரு வாரமாகக் கேட்காத சிரிப்பு.

அவன் கோபத்தோடு வாயை எடுத்தான். டப்பென்று காற்றை வாங்கிக்கொண்டு பாட்டில் நிமிர்ந்தது.

பாட்டிலைப் பார்த்தான். மெல்லத் திரும்பி டீசல் டேங்க்கைப் பார்த்தான்.

புதுப் பம்ப் மாட்டிய அன்றே, டீசல் திருட்டுக்குப் பயந்து டேங்க்குக்குப் பூட்டு மூடி வாங்கிப் போட்டிருந்தான். மூடியில் இருந்த சின்னத் துளையில் சோப்பை அப்பி அடைத்ததும் அவன்தான். மழைத் தண்ணி இறங்கிடுமாம். கெட்டிக்காரன்!

அரைஞாணிலிருந்து சாவியை எடுத்தான். மூடியைத் திருகினான்.

ஸ்ஸ்ஸ்ஸ்...

காற்று உள்ளே போய்க்கொண்டே இருந்தது. பாவாயி இறங்கி வந்து, அது அடங்கும்வரை நின்று கேட்டாள். பிறகு தாலியில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றி அவனிடம் கொடுத்தாள். அவன் சோப்பைக் குத்தி எடுத்தான்.

"ஸ்குரூவ என்ன பண்ணட்டும் அம்மிணி?"

"திருகுனது யாருங்ணா?"

ஏழு கால் சுற்றையும் திருப்பி எடுத்து, நட்டை இறுக்கினான்.

மறுநாள் காலை லோடோடு மலையேறினார்கள். முதல் வளைவு. இரண்டாவது. மூன்றாவது. முள் அசையவில்லை.

"பாவாயி, அந்தக் கட்டையக் கீழ..." என்று திரும்பினான்.

அவள் சீட்டில் காலை முடக்கி, கட்டைமேல் துண்டை மடித்துப் போட்டு, தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.