கருவாட்டுக் கத்தி பட்ட எழுத்துகள்

அந்தக் காலத்தில் எழுத்துகளுக்குப் பேச்சு உண்டு. கூப்பிட்டால் வரும், சொன்ன இடத்தில் நிற்கும். ஆனால் நிற்க இடம் நிறைய வேண்டும். பெருத்த உடம்பு, நடுவில் நூலாக மெலிந்த கோடு, நுனியில் சுருண்ட வால். கல்யாணப் பந்தல் வாசலில் நின்று பழகியவை. அவசரம் என்ற ஒன்றை அவை பார்த்ததில்லை.

ஒரு நாள் காலையில் ஒரு மீனவக் குப்பத்தில் காற்று திசை மாறியது. தென்கிழக்கே கடலுக்கு மேல் வானம் கறுத்தது. படகுகள் எல்லாம் கடலில் இருந்தன. ஆட்கள் கரையைப் பார்த்து வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். முதுகுக்குப் பின்னால் வருவது அவர்களுக்குத் தெரியவில்லை. கருவாடு போடும் பிலோமினாளின் புருஷன் சவரியானும் அங்கேதான் இருந்தான்.

அவள் கத்திப் பார்த்தாள். காற்று அவள் குரலை ஊருக்குள்ளேயே தள்ளியது. எழுத்துகளைக் கூப்பிட்டாள்.

"'கரைக்கு வா'ன்னு நில்லுங்க. சீக்கிரம்."

கடலிலிருந்து தெரிவது உப்புக் கிடங்கின் சுவர் மட்டும். அதிலும் இரண்டு கதவுகளுக்கு நடுவே கொஞ்சம் இடம்தான் காலி. உயரம் இருந்தது, அகலம் இல்லை. 'க'வும் 'ரை'யும் ஏறி நின்றதும் இடம் தீர்ந்துவிட்டது.

"ஒண்ணு மேல ஒண்ணு ஏறுங்க."

"ஒருத்தர் தலைமேல ஒருத்தர் நிக்கிற வழக்கம் எங்களுக்கு இல்ல," என்றது 'ரை'.

"அப்ப சின்னதா நிக்கிறோம்," என்றது 'கு'.

"கடல்லேருந்து பார்த்தா எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும். யாருக்கு வேணும் அது?"

"என் காலை எங்கே நீட்டுறது?" என்று 'வா' முனகியது.

"உனக்குக் கால் கவலை. எனக்குத் தாலிக் கவலை," என்று பிலோமினாள் கருவாட்டுக் கத்தியை எடுத்தாள்.

மீனின் வாலையும் துடுப்பையும் நறுக்குவதுபோலச் சுருள்களை எல்லாம் நறுக்கினாள்.

"சுருள் போனா எங்களை யார் மதிப்பா?"

"படகுல இருக்கிறவன் மதிப்பான்."

கூடையில் கருவாடு அடுக்கிப் பழகிய கை. எழுத்துகளை நிமிர்த்தி, விலாவோடு விலா சேர்த்து, இடைவெளி விடாமல் சொருகினாள். பிதுங்கிய உடம்பு மேலே போயிற்று, எழுத்துகள் உயர்ந்தன. மெலிந்த கோடு தூரத்துக்குத் தெரியாது என்று படகுக்குப் பூசும் தாரை எடுத்து, எல்லாக் கோடும் ஒரே தடிமன் ஆகும்வரை அப்பினாள்.

"மூச்சு முட்டுது," என்றது 'க'. அதுதான் அது பேசிய கடைசிப் பேச்சு. தார் வாயையும் அடைத்துவிட்டது.

கடலில் சவரியான் நிமிர்ந்து பார்த்தான். வலையை அறுத்துவிட்டான். மற்றவர்களும் அறுத்தார்கள். கடைசிப் படகு மணலில் ஏறும்போது மழை இறங்கியது.

"என்ன எழுத்து புள்ள அது? சட்டையப் புடிச்சு இழுக்குது."

"பேசாம படகை மேல ஏத்து."

புயல் போனபின் எழுத்துகளை விரித்துவிடப் பார்த்தாள். தார் காய்ந்து இறுகியிருந்தது. கல்யாண வீட்டுக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, இவற்றை விட்டுவிட்டு, சுருள் போகாத உறவுக்கார எழுத்துகளைக் கூப்பிட்டுக்கொண்டு போனார்கள்.

அன்றிலிருந்துதான் பெட்டிக்கடையில் தொங்கும் செய்தித்தாள் சுவரொட்டியிலும், சினிமா விளம்பரத்திலும், வேலைநிறுத்தம் சொல்லும் மதிலிலும் எழுத்துகள் வாலில்லாமல், தடித்து, ஒன்றையொன்று இடித்தபடி நிற்கின்றன. போகிற யாரையும் சும்மா போகவிடாமல், கடலில் இன்னும் ஒரு படகு பாக்கி இருப்பதுபோல.