கடிக்கிற பிள்ளை

எவர்சில்வர் கிண்ணத்தில் பல் விழும் ஓசை. கூழாங்கல் விழுவது போல. ஒன்று, சற்றுப் பொறுத்து இன்னொன்று.

பல் மருத்துவக் கல்லூரியில் மாணவனாக இருந்தபோது அருணகிரி அதைக் கேட்டான். மயக்கத்தில் கிடந்தவள் பேச்சு வராத, மூளை வளர்ச்சி குன்றிய ஒரு சிறுமி. கடிக்கிறாள் என்று அவளுடைய முன்பற்களை எல்லாம் எடுத்தார்கள். ஒன்றில்கூடச் சொத்தை இல்லை.

தலை நரைத்த பிறகு அதே வேலை அவன் கைக்கு வந்தது.

அவன் சவரியம்மாளிடம் போனான். மலையடிவாரத்தில் சின்னதாகப் பல் ஆஸ்பத்திரி நடத்துபவர். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு வைத்தியம் பார்க்க அவரிடம்தான் கற்றுக்கொண்டிருந்தான். வயதில் இளையவர். ஆனாலும் அவனுக்கு அவரே குரு.

“பத்து வயசுப் பையன் மேடம். இசக்கியப்பன். பேச்சு கிடையாது. கொஞ்ச நாளா எல்லாரையும் கடிக்கிறான். முன்பல்லை எல்லாம் எடுத்தாத்தான் அவன் தங்கிப் படிக்கிற விடுதியில வச்சுக்குவாங்களாம். அம்மாவும் சம்மதிச்சுட்டாங்க. எடுக்கலாமா, கூடாதா?”

“உங்களைக் கடிச்சானா?”

“கடிச்சான்.”

“நீங்க என்ன செஞ்சீங்க?”

“கையை இழுத்துக்கிட்டேன். வேற என்ன செய்ய?”

“நாளைக்குக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க.”

மறுநாள் காலை, தீப்பெட்டி ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, பையனின் தாய் பூமயில் அவனை அழைத்துக்கொண்டு வந்தாள்.

“என்னையத் தப்பா நெனைக்காதீங்க டாக்டரம்மா. விடுதியில விரட்டிட்டா இவன வீட்டுல கட்டிப் போட்டுட்டுத்தான் நான் வேலைக்குப் போவணும். கயித்துல கட்டுறதுக்குப் பல்லப் புடுங்குறது தேவலன்னு நெனச்சேன்.”

சவரியம்மாள் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தார்.

பையன் அறையைச் சுற்றிச் சுற்றி வந்தான். சுவரைத் தட்டினான். பிறகு அவர் அருகில் வந்து நின்றான்.

அவர் ஆள்காட்டி விரலை நீட்டினார்.

லபக்கென்று கவ்வினான்.

பூமயில் அலறினாள். அருணகிரி பாய்ந்துபோய் அவன் தாடையைப் பிடிக்கப் போனான்.

“அவனைத் தொடாதீங்க.” சவரியம்மாளின் கண்களில் நீர் கோத்துவிட்டது. குரல் மட்டும் மாறவில்லை. “டார்ச்சை எடுங்க.”

“மேடம், ரத்தம் வருது!”

“வாய் திறந்திருக்கு சார். எவ்வளவு நேரம்தான் நான் திறந்து வச்சிருப்பேன்? பாருங்க.”

அருணகிரி மண்டியிட்டான். உதட்டோரத்தை மெல்ல விலக்கி வெளிச்சம் காட்டினான்.

வலப்பக்கம், கீழ்க் கடைவாய்ப் பல் கரைந்து வெறும் குழியாக இருந்தது. சுற்றிலும் ஈறு வீங்கிச் சீழ் கட்டியிருந்தது.

அவன் நகர்ந்துகொண்டு பூமயிலையும் பார்க்கச் சொன்னான்.

“எய்யா...” அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். “வலப்பக்கம் ஒருக்களிச்சுப் படுக்கவே மாட்டான். சேட்டைன்னு சாத்து சாத்துன்னு சாத்துனேனே.”

பையன் தானாகவே விரலை விட்டான்.

அன்றே அவனுக்கு மயக்க மருந்து கொடுத்து, சீழை வடித்து, அந்த ஒரு பல்லை மட்டும் அருணகிரி எடுத்தான்.

பிறகு குருவின் விரலுக்குக் கட்டுப் போட உட்கார்ந்தான். மருந்து பட்டதும் அவர் முகம் சுளித்தார்.

“மேடம், ஒண்ணு கேக்கட்டுமா?”

“மெதுவாச் சுத்துங்க. கேளுங்க.”

“அந்தச் சொத்தைப் பல் இல்லாம இருந்திருந்தா? காரணமே தெரியாம கடிக்கிற பிள்ளையா இருந்திருந்தா?”

சவரியம்மாள் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தார்.

“இன்னும் ஒன்பது விரல் இருக்கே சார்.”

விடுதியில் இசக்கியப்பனைத் தொடர்ந்து வைத்துக்கொண்டார்கள். இப்போது அவனுக்கு மீசை முளைத்துவிட்டது. பொங்கலுக்குக் கரும்பைத் தன் பல்லாலேயே உரித்துத் தின்கிறான்.