இருட்டுல தேச்ச கண்ணாடி

கடல் தாண்டி ஒரு ஊர்ல ஒரு கண்ணாடித் தொழிற்சாலை இருந்துச்சாம். அந்த ஊர்லயே இருட்டான இடம் எதுன்னு கேளு... அதேதான்! ராஜா ஜன்னலுக்கெல்லாம் வரி போட்டிருந்தாரு. முதலாளி கிரிம்ஷா துரை மகா புத்திசாலி இல்லையா, வரி மிச்சம்னு ஃபேக்டரி ஜன்னலையெல்லாம் செங்கல் வச்சு அடைச்சுட்டாரு. ஊருக்கெல்லாம் ஜன்னல் கண்ணாடி விக்கிற மனுஷன்! ம் சொல்லு, தூங்கிட்டியா?

அங்க பெட்சின்னு ஒருத்தி. உருகுன கண்ணாடிய இரும்பு மேஜையில குபுகுபுன்னு ஊத்தி, உருளைய உருட்டிப் பலகையாக்குவாங்க. ஆறுனதும் பார்த்தா சொரசொரன்னு இருக்கும். அதை மணல் போட்டு, அப்புறம் செவப்புப் பொடி போட்டு, சர்ர்ரு சர்ர்ருன்னு தேய்க்கிறது பெட்சி வேலை. எல்லாம் ஒரு மெழுகுவத்தி வெளிச்சத்துல.

மொதல் பலகைய வெளிய கொண்டு போய்ப் பார்த்தா, கீறல். "வெளிச்சம் பத்தலைங்க ஐயா"ன்னா பெட்சி. "வேலை தெரியாதவ சொல்ற சாக்கு"ன்னாரு துரை. ரெண்டாவதுலயும் கீறல். "வெளிச்சம் பத்தலைங்க..." "சாக்கு!" அப்புறம் எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தி, "இனிமே யாரு கீறல் போட்டாலும் அன்னிக்கே வெளிய போகணும்"னு சட்டம் போட்டாரு. பெட்சி வீட்டுல ரெண்டு சின்னதுங்க, அவ கையைத்தான் நம்பி இருக்குதுங்க.

அப்போ மூணாவது பலகை வந்துச்சு. ஆளு உசரம். பெட்சி என்ன பண்ணா? உளிய எடுத்தா, டொக்கு டொக்குன்னு அடைச்ச ஜன்னல்ல இருந்து செங்கலையெல்லாம் பேத்துட்டா. பளீர்னு வெயில்! பலகைய அந்த ஓட்டையில சாத்தி நிறுத்தி, கீறலைத் தேடித் தேடித் தேச்சா. கடைசியில கண்ணாடி இருக்கிறதே தெரியல, வானந்தான் தெரிஞ்சுது. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துச்சாம்.

அப்போ தடதடன்னு துரை வந்தாரு. "ஐயோ, ஜன்னல்! வரி! வரி!"ன்னு அலறி, பெட்சி "ஐயா, ஐயா"ன்னு கத்தக் கத்தக் கேக்காம, கீழ கிடந்த செங்கலை எடுத்து ஓட்டைய அடைக்கப் போனாரு.

கிறீஈஈச்!

கண்ணாடி நடுவுல முழ நீளத்துக்குக் கீறல். எல்லாரும் துரையப் பார்த்தாங்க. சட்டம் போட்டது யாரு? துரை மூஞ்சி அந்தச் செவப்புப் பொடியாட்டம் ஆயிடுச்சு. மெல்ல முனகுனாரு: "அது... வெளிச்சம் பத்தல."

"ஆமாங்க ஐயா, பத்தல"ன்னு சொல்லிக்கிட்டே பெட்சி உளிய எடுத்துக்கிட்டு அடுத்த ஜன்னலுக்குப் போயிட்டா.

கதைக்கும் ஜன்னலைச் சாத்தியாச்சு. நமக்கு வெளிச்சம் போதும், கண்ணை மூடு.