இரண்டு நீலம்

கதை சொல்வது என் வேலை. தீர்ப்புச் சொல்வது உங்கள் வேலை. பாதியில் எழுந்து போகிறவருக்கு விடை கிடையாது, இப்போதே சொல்லிவிட்டேன்.

ஒரு மீன்பிடித் துறைமுகம். அதன் கட்டுப்பாட்டு அறையில் ஜெனிட்டாவுக்கு வேலை. சூறைக்காற்று வருகிறது என்று தெரிந்தால் அவள் ஒரு பொத்தானை அழுத்துவாள். செய்தி துறைமுக முனையில் நிற்கும் டவருக்குப் போய், அங்கிருந்து கடலில் நிற்கும் அத்தனை வள்ளங்களுக்கும் கேட்கும். டவருக்குச் செய்தி போக இரண்டு வழி உண்டு: மண்ணுக்கடியில் கேபிள், காற்றில் ஒயர்லெஸ். ஒன்று செத்தாலும் மற்றது கைகொடுக்கும்.

இரண்டையும் காவல் காக்க ஒரு மென்பொருள். வழி நன்றாக இருந்தால் திரையில் பச்சை. அறுந்தால் சிவப்பு, கூடவே காதைப் பிளக்கும் மணி. பராமரிப்பு என்று யாராவது நேரம் பதிந்தால் நீலம். அப்போது மணி வாயைத் திறக்காது. ஒரே நேரத்தில் இரண்டுக்கும் பராமரிப்பு கேட்டால் முடியாது என்று மறுத்துவிடும். கெட்டிக்கார மென்பொருள்தான். ஆனால் புதிதாக நேரம் கேட்பவரைத்தான் மறுக்கும். வாங்கிய நேரத்தை நீட்டுகிறவரை ஏனென்று கேட்காது.

அன்று காலை கேபிளைப் பிரித்து வேலை செய்ய பெர்க்மான்ஸ் நேரம் பதிந்திருந்தார். ஒப்பந்தத் தொழிலாளி ஜெபமணிக்கு டவரில் துருப்பிடித்த ஒயர்லெஸ் டிஷ்ஷை மாற்றும் வேலை. அவனும் காலை நேரத்தையே கேட்டான், மென்பொருள் மறுத்தது. உடனே பெர்க்மான்ஸுக்குப் போன் போட்டான்.

"மத்தியானத்துக்குள்ள முடிச்சிருவேன்டே. நீ அதுக்கப்புறம் போட்டுக்கோ."

அப்படியே போட்டுக்கொண்டான். ஆனால் கேபிளுக்காகத் தோண்டிய குழிக்குள் கடல்நீர் ஊறி, பெர்க்மான்ஸின் வேலை இழுத்துக்கொண்டது. கைபேசியிலேயே நேரத்தைச் சாயங்காலம்வரை நீட்டினார். ஜெனிட்டாவிடம் சொல்லவும் செய்தார். "சரிண்ணே" என்றாள் அவள். ஜெபமணியிடம் சொல்ல அவருக்கு மறந்துபோயிற்று.

மத்தியானம் ஜெபமணியின் நேரம் வந்தது. ஒயர்லெஸ்ஸை அணைத்துவிட்டு டவரில் ஏறினான். ஜெனிட்டாவின் திரையில் இரண்டாவது வழியும் நீலமானது. பார்த்தாள். நீலம்தானே, சிவப்பில்லையே என்று டீயை எடுத்துக் குடித்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தானா வானிலை அலுவலகத்திலிருந்து போன் வரவேண்டும்! தெற்கிலிருந்து சூறைக்காற்று. பொத்தானை அழுத்தினாள். செய்தி போகவில்லை. திரும்பத் திரும்ப அழுத்திய பிறகுதான் அந்த இரண்டு நீலமும் உறைத்தது. கூடப்பிறந்த தம்பி ரீகன் கடலில் நிற்கிறான். ஜெபமணியைக் கூப்பிட்டாள்; அவன் கைபேசியோ டவருக்குக் கீழே பைக்குள் அடித்து அடித்து ஓய்ந்தது.

"அண்ணே, ரெண்டு வழியும் செத்துக் கிடக்கு. ரீகன் கடல்ல நிக்கான்ணே, எப்படியாவது ஜாயிண்ட் போட்டுருங்க" என்று பெர்க்மான்ஸிடம் அழுதாள். இடுப்பளவு நீரில் நின்று அவர் கேபிளைச் சேர்த்தபோது வானம் கறுத்துவிட்டது. செய்தி கேட்டு மற்ற வள்ளங்கள் கரைசேர்ந்தன. ரீகனின் வள்ளம் வரவில்லை.

தேடப் போனவர்கள் திரும்புமுன்னே அதிகாரி மூவரையும் நிறுத்தி விசாரித்தார்.

"மென்பொருள் விட்டது, நீட்டினேன். கட்டுப்பாட்டு அறைக்கும் சொன்னேன்" என்றார் பெர்க்மான்ஸ்.

"எனக்குக் கொடுத்த நேரத்துலதான் ஏறுனேன் சார்" என்றான் ஜெபமணி.

ஜெனிட்டா கடலையே பார்த்துக்கொண்டு நின்றாள். மணி அடிக்கவே இல்லை என்று மட்டும் சொன்னாள்.

அதிகாரி ஜெபமணியைக் காட்டினார். "நீ ஏறாம இருந்தா செய்தி போயிருக்கும். நாளையிலருந்து வராதே." ஏழை சொல் அம்பலம் ஏறுமா?

இப்போது நீங்கள் சொல்லுங்கள்: பெர்க்மான்ஸ், ஜெபமணி, ஜெனிட்டா, இந்த மூவரில் தவறு யாருடையது?

விடை: ஜெபமணி கேட்டுத்தான் ஏறினான், அவன்மேல் குற்றமில்லை. சொல்ல வேண்டியவனிடம் சொல்லாதது பெர்க்மான்ஸின் பிசகுதான். ஆனால் ஒயர்லெஸ் அணைந்தது குழிக்குள் நின்றவருக்குத் தெரியாது. கேபிள் இன்னும் சேரவில்லை என்று காதால் கேட்டு, ஒயர்லெஸ்ஸும் அணைந்ததைக் கண்ணால் கண்டவள் ஜெனிட்டா ஒருத்திதான். மறுநாள், கவிழ்ந்த வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு மிதந்த ரீகனை உயிரோடு கொண்டுவந்தார்கள். தம்பியின் முகத்தைப் பார்த்த கையோடு அவள் அதிகாரியிடம் போய் இந்த விடையைச் சொன்னாள். "அவன்தான் பிழைச்சிட்டானே, இனி எதுக்கும்மா?" என்று பெர்க்மான்ஸ் தடுத்துப் பார்த்தார். "அவன் பிழைச்சது கடவுள் புண்ணியம்ணே. நான் பாத்துட்டு சும்மா இருந்தது இருந்ததுதானே?" என்றாள். நேரத்தை நீட்டினாலும் மோதல் பார்க்கும்படி மென்பொருளைத் திருத்தினார்கள். ஜெபமணி வேலைக்குத் திரும்பினான்; ஜெனிட்டாவின் நாற்காலியில் இப்போது வேறொருவர் இருக்கிறார்.