கஸ்பாரின் வலது கால்

கடலோரத்துக் கத்தோலிக்கப் பங்கு ஒன்றில் கஸ்பார் என்று ஓர் உபதேசியார் இருந்தார். பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லிக்கொடுப்பதும், சாமியார் ஊரில் இல்லாத நாளில் ஜெபம் சொல்வதும் அவர் வேலை. பங்குச் சாமியார் லியோன் அவரைவிட வயதில் நன்றாகவே இளையவர். ஆனாலும் ஊர் கஸ்பாரைத்தான் 'சீடர்' என்று கேலி பண்ணியது. நரைத்த தலையோடு ஒரு மனுஷன் ஓயாமல் சாமியார் வீட்டுப் படியேறி ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தால் ஊர் வேறென்ன சொல்லும்?

"சாமி, கடவுளுக்கு முன்னால நான் நீதிமானா நிக்கதுக்கு என்ன செய்யணும்?"

கேள்வி சும்மா வரவில்லை. படுக்கையில் கிடந்த தகப்பனார் ஒரு மத்தியானம், சோறு ஆறிப்போச்சு, ஆறிப்போச்சு என்று முனகிக்கொண்டே இருந்தார். கஸ்பாருக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ, தரையில் இருந்த தட்டை வலது காலால் எத்திவிட்டார். கிழவர் கட்டிலிலிருந்து கையைத் தொங்கவிட்டு, சிதறிய சோற்றை விரலால் கூட்டிக்கொண்டிருந்தார். அந்த வாரமே கண்ணை மூடிவிட்டார்.

கஸ்பார் சாமியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனத்தில் அந்தப் பாவத்தைச் சொன்னார். மன்னிப்பும் கிடைத்தது. ஆனால் வீட்டுக்குத் திரும்பும் வழியிலேயே, உண்மையாக மனம் வருந்தித்தான் சொன்னோமா என்று சந்தேகம் வந்துவிட்டது. திரும்பிப் போய்ச் சொன்னார். அப்புறம், திரும்பிப் போனதில் கொஞ்சம் பெருமை கலந்திருந்ததோ என்று இன்னொரு சந்தேகம். ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருந்தார், வெறுங்காலோடு கோயிலுக்கு நடந்தார். சாமியாரை வாசலில் நிறுத்தி வைத்தும் அந்தக் கதையைச் சொன்னார். பூசையில் சாமியார் கொடுக்கும் அப்பத்தை, அதாவது நன்மையை, வாங்குவதை மட்டும் விட்டுவிட்டார். எல்லாரும் பீடத்துக்கு வரிசையாகப் போகும்போது இவர் தூணோரம் தலைகுனிந்து நிற்பார்.

அந்த ஈஸ்டருக்கு மகள் ஜெனோவாவுக்குப் புதுநன்மை, முதல்முறையாக நன்மை வாங்கும் நாள். ஒரு நாள் காலையில் அவள் கேட்டாள்.

"எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்பா பக்கத்துல நின்னு வாங்குவாங்களாம். நீங்களும் வாங்குவீங்களாப்பா?"

ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் நன்மையைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறவர், சொந்த மகள் கேட்டதும் எழுந்து வெளியே போனார். நேரே சாமியார் வீட்டுக்குத்தான்.

"ஈஸ்டருக்குள்ள நான் சரியாகணும் சாமி. இன்னும் என்ன செய்யட்டும்?"

"எது சொன்னாலும் செய்வீங்களா?"

"உயிரைக் கேட்டாலும் கொடுப்பேன்."

"அதெல்லாம் வேண்டாம். பெரிய வியாழன் பாதம் கழுவ ஒரு ஆள் குறையுது. வந்து உட்காருங்க."

"நானா? அதுக்கு நல்ல ஆளாப் பாத்து..."

"எது சொன்னாலும் செய்வேன்னீங்க."

இயேசு தம் சீடர்களுக்குச் செய்ததுபோலவே, ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் பூசையில் சாமியார் பன்னிரண்டு பேருடைய வலது பாதத்தைக் கழுவுவார். அந்தப் பன்னிரண்டு பேரும் வீட்டிலேயே காலைத் தேய்த்துக் கழுவிவிட்டு வருவது ஊர் வழக்கம். சாமியார் கையில் அழுக்குப் படலாமா? கஸ்பார் சோப்புப் போட்டார். அது போதாதென்று தேங்காய் நார் எடுத்தார். வலது காலைச் சிவக்கச் சிவக்கத் தேய்த்தார்.

"தோலை உரிச்சிராதீங்க," என்றாள் மனைவி ரெஜினா. அவர் காதில் விழவில்லை.

கோயிலுக்கு வரும் வழியெல்லாம் மணல். நாற்காலியில் உட்கார்ந்ததும் குனிந்து பார்த்தார். விரலிடுக்கில் மணல் இருந்தது. வேட்டி நுனியால் துடைத்தார். பக்கத்தில் இருந்தவர்கள் கால்களெல்லாம் பளிச்சென்று தெரிந்தன. சாமியார் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு முதல் ஆளின் முன்னால் முட்டிபோட்டபோது, கஸ்பார் எழுந்து பக்கவாசல் வழியாக வெளியே போய்விட்டார்.

கோயில் குழாயடியில் காலை நீட்டித் தேய்த்தார். சரி, இப்போது சுத்தம் என்று நான்கு அடி வைப்பார். மணல் ஒட்டும். திரும்பிப் போவார். ஈரக்காலில் மணல் இன்னும் அதிகமாகத்தானே ஒட்டும்? அது அந்த மனுஷனுக்கு உறைக்கவே இல்லை. உள்ளே பாட்டு முடிந்தது. அதே பாட்டை மறுபடி தொடங்கினார்கள். அதுவும் முடிந்து கோயில் அமைதியானது.

ரெஜினா ஓடி வந்தாள்.

"இங்க என்ன செய்யுதீங்க? சாமி ஒங்க காலி நாற்காலிக்கு முன்னால முட்டிபோட்டுக் கிடக்காங்க!"

"அடுத்த ஆளுக்குப் போகச் சொல்லு."

"எல்லாரும் சொல்லியாச்சு. எந்திரிக்க மாட்டேங்காங்க. ஊரே பாக்குது, வாங்க!"

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். கால் இரண்டும் ஈரம். கணுக்கால் வரை மணல் அப்பியிருந்தது. கழுவிய கோயில் தரையில் அவர் வந்த வழி அப்படியே தெரிந்தது. அவமானம் கஸ்பாரைப் பிடுங்கித் தின்றது.

சாமியார் முட்டிபோட்ட இடத்திலேயே இருந்தார்.

கஸ்பார் உட்கார்ந்தார். அவசர அவசரமாக மணலைத் தட்டிவிட்டு இடது காலை நீட்டினார்.

சாமியார் அதைத் தொடவில்லை. "அது இல்ல உபதேசியாரே," என்றார் மெல்ல. "மத்தக் கால்."

கஸ்பார் வலது காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

"அது எந்தக் காலுன்னு ஒங்களுக்குத் தெரியுமே சாமி."

"தெரியும்."

"எவ்வளவு தேச்சும் சுத்தமாகல. ஒரே ஒரு நிமிசம் பொறுங்க. கழுவிட்டு வந்திருதேன்."

சாமியார் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார்.

"நீங்களே கழுவிட்டு வந்துட்டா, நான் எதுக்கு இங்க முட்டிபோட்டிருக்கேன்?"