தட்டு வரட்டுங்க

சீடருக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. குருவுக்கு நாற்பது ஆகவில்லை. இது என்ன தலைகீழ்க் கதை என்று நீங்கள் முகம் சுளித்தால் நான் என்ன செய்ய முடியும்? கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் அறையில் அப்படித்தான் நடந்தது.

சீடர் பேர் பொன்னுரங்கம். ஆஸ்பத்திரி முழுக்க நெட்வொர்க் கேபிள் இழுத்து, இத்தனை வருஷம் அதைக் கட்டி மேய்த்தவர். அந்த வேலையை நிர்வாகம் வெளிக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டது. மேனேஜர் கூப்பிட்டுச் சொன்னார்: "ஸ்டோரேஜ் பக்கம் போங்க. அங்க இருக்கிற ஸ்விட்ச்சை உங்ககிட்ட நம்பி விடலாம்னு தில்ஷாத் மேடம் சொன்னா உங்களுக்கு அங்க சீட்டு. சொல்லலைன்னா என்னால ஒன்னும் பண்ண முடியாதுங்க." பொன்னுரங்கம் வெளியே வந்து யோசித்தார். இந்த வயதில் பயோடேட்டாவைத் தூக்கிக்கொண்டு எந்த வாசலில் போய் நிற்பது?

குரு, தில்ஷாத். ஆஸ்பத்திரியின் தகவலெல்லாம் இருக்கிற டிஸ்க்குகள் ஒரு பக்கம், சர்வர்கள் இன்னொரு பக்கம். நடுவில் ஸ்டோரேஜ் ஸ்விட்ச் இரண்டு. எந்த சர்வர் எந்த டிஸ்க்கைத் தொடலாம், எது எந்த வழியில் போகலாம் என்பதையெல்லாம் அந்த ஸ்விட்ச்சுக்குள் ஓடுகிற மென்பொருள்தான் பார்த்துக்கொள்ளும். மென்பொருளைத் தில்ஷாத் பார்த்துக்கொள்வார்.

வந்த அன்றே பொன்னுரங்கத்துக்கு ஒரு லாகின் கொடுத்தார். உள்ளே போய்ப் பார்த்தால், எல்லாம் தெரிகிறது, எதையும் மாற்ற முடியவில்லை.

"மேடம், இது வேடிக்கை பார்க்கிற லாகினுங்களே."

"ஆமாங்க சார். பாருங்க."

"மாத்தறதுக்கான அட்மின் சாவி எப்பங்க?"

"பாருங்க சார். பார்த்துட்டே இருங்க."

அவரும் பார்த்தார். பார்த்ததையெல்லாம் கேட்டார். அதில் ஒரு குறையும் இல்லை. குறை எங்கே என்றால், பதில் பாதி வருவதற்குள் அவர் வாய் முந்திக்கொள்ளும்.

"ஏனுங் மேடம், எல்லாம் நம்ம சர்வர். எல்லாம் நம்ம டிஸ்க். அப்புறம் எதுக்கு ஒன்னை ஒன்னு பார்க்க விடாம இத்தனை தடுப்பு?"

"புதுசா வர்ற சர்வர் கண்ணுல அடுத்தவங்க டிஸ்க் பட்டுச்சுன்னா, காலி டிஸ்க்னு நினைச்சு அது மேல தன் அடையாளத்தை எழுதிடும். அதனாலதான், யாரும் சொல்லாத வரைக்கும் யாரும் யாரையும் பார்க்கக் கூடாதுன்னு..."

"தெரியுமுங்க, தெரியுமுங்க."

தில்ஷாத் வாயை மூடிக்கொண்டு திரையைப் பார்க்கத் திரும்பிவிடுவார். கோபம் எல்லாம் இல்லை. சொல்ல வந்த மீதி அப்படியே நின்றுபோகும், அவ்வளவுதான். இரண்டு ஸ்விட்ச்சுக்கு நடுவில் பல கேபிளை ஒன்றாகச் சேர்த்து ஒரே பெரிய பாதையாக்குவது எப்படி என்று ஆரம்பித்தபோதும் "தெரியும்." மென்பொருளைப் புதுப்பிக்கும்போது போக்குவரத்து நிற்காமல் பார்த்துக்கொள்வது எப்படி என்றபோதும் "தெரியும்." பொன்னுரங்கம் பொய் சொல்லவில்லை. அவருடைய பழைய வேலையில் இதே மாதிரி எல்லாம் உண்டு. தெரியாது என்று சொன்னால் எங்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயமும் உண்டு.

ஆனால் மனசுக்குள் ஆதங்கம் புகைந்தது. வித்தையை மடியில் முடிந்து வைத்துக்கொண்டு ஒரு வரி சொல்லி நிறுத்திவிடுகிறாளே இந்தம்மா என்று பொருமினார்.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் காலையில் ஸ்கேன் பிரிவிலிருந்து போன். டாக்டர் படத்தைத் திறந்தால் படம் வரவில்லை. சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அடுத்து மருந்துக் கடையிலிருந்து போன். அடுத்து வெளிநோயாளிப் பதிவிலிருந்து. டிஸ்க்கை நம்பி இருக்கிற எல்லாமே நொண்டியது.

பொன்னுரங்கம் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டார். "ரெண்டு ஸ்விட்ச்சுக்கு நடுவுல பாதை பத்தலைங்க. இன்னும் ரெண்டு கேபிள் போட்டாத் தீர்ந்துது."

"பாதை நிறைஞ்சிருக்கா, பாருங்க."

பார்த்தார். பாதி கூட நிறையவில்லை.

"அப்ப கேபிள் கெட்டுப்போயிருக்கும். வழியில டேட்டா சரக்கு சிந்துது."

"எத்தனை சிந்தியிருக்கு, பாருங்க."

பார்த்தார். ஒன்றுகூடச் சிந்தவில்லை. அவருடைய பழைய நெட்வொர்க்கில் நெரிசல் வந்தால் ஸ்விட்ச் கூசாமல் சரக்கைக் கீழே போட்டுவிடும். அனுப்பினவன் திரும்ப அனுப்பித் தொலைக்க வேண்டியதுதான். இங்கே பாதை காலியாகக் கிடக்கிறது, எதுவும் தொலையவும் இல்லை, ஆனாலும் சரக்கு நகரவில்லை. இதென்னடா கூத்து என்று தலையைச் சொறிந்தார்.

"இன்னொரு எண் ஓடுது பாருங்க" என்று தில்ஷாத் விரல் வைத்துக் காட்டினார். அது விறுவிறுவென்று ஏறிக்கொண்டிருந்தது. "அது என்னன்னா..."

"தெரியுமுங்க. பிழைக் கணக்கு."

தில்ஷாத் விரலை எடுத்துவிட்டார். "வாங்க சார், டிபன் சாப்பிட்டு வந்துடலாம். இன்னும் கை நனைக்கலை."

ஆஸ்பத்திரியே தவிக்கும்போது டிபனா என்று அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. குரு எழுந்து நடந்துவிட்டார். வேறு வழியில்லாமல் பின்னாலேயே போனார்.

கேன்டீனில் இட்லியை இரண்டு வாயில் தள்ளிவிட்டு, பொன்னுரங்கம் விளக்க ஆரம்பித்தார். விளக்கம் என்றால் சும்மா இல்லை. தன் தட்டை நடுவில் வைத்தார். "இது நம்ம ஸ்விட்ச்." பக்கத்து மேசையில் யாரோ சாப்பிட்டுவிட்டுப் போன தட்டை இழுத்தார். "இது ஸ்கேன் சர்வர்." இன்னொன்றை எட்டி எடுத்தார். "இது மருந்துக் கடை." அப்புறம் எழுந்து போய் நாலைந்து தட்டு பொறுக்கி வந்து மேசை நிறையப் பரப்பி, எங்கெங்கே கேபிள் போட வேண்டும் என்று ஸ்பூனை வைத்துக் காட்டினார். ஆள் நல்ல உற்சாகத்தில் இருந்தார்.

தில்ஷாத் காபியைக் குடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

கவுன்டரில் வரிசை வாசல் வரைக்கும் நீண்டுவிட்டது. யாரோ சத்தம் போட்டார்கள். ஒரு நர்ஸ் கையைக் கட்டிக்கொண்டு கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், உள்ள இட்லி இருக்குங்களா?" என்று கேட்டார் தில்ஷாத்.

பொன்னுரங்கம் திரும்பிப் பார்த்தார். "இருக்குதுங்களே. ஆவி பறக்குது."

"எடுத்து வைக்க ஆள்?"

"கரண்டியும் கையுமா நிக்கறாருங்க."

"வாங்கறதுக்கு?"

"அதான் வரிசையே நிக்குதே."

"அப்புறம் ஏன் நகர மாட்டேங்குது?"

பொன்னுரங்கம் உற்றுப் பார்த்தார்.  அந்த நேரம் பார்த்துக் கவுன்டரில் இருந்தவரே தொண்டை கிழியக் கத்தினார்:

"தட்டு வரட்டுங்க! காலித் தட்டு வந்தாத்தானே நான் வைக்க முடியும்? எந்த மகராசன் அத்தனை தட்டையும் வச்சிக்கிட்டு உட்கார்ந்திருக்காரோ!"

பொன்னுரங்கம் குனிந்து தன் மேசையைப் பார்த்தார். ஸ்விட்ச், ஸ்கேன் சர்வர், மருந்துக் கடை எல்லாம் சாம்பார் ஒட்டிய தட்டுகளாக வரிசையாக இருந்தன. காதெல்லாம் சூடாகிவிட்டது அவருக்கு. அத்தனையையும் அடுக்கித் தூக்கிக்கொண்டு போய்க் கழுவுகிற இடத்தில் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் வரிசை நகர ஆரம்பித்தது.

அங்கேயே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாக வந்து கேட்டார்.

"மேடம், அந்த ஏறிட்டிருந்த எண்... அது என்னங்க?"

"இந்த நெட்வொர்க்ல, வாங்கறவங்க முதல்ல 'என்கிட்ட இத்தனை இடம் காலி'ன்னு சொல்வாங்க. அனுப்பறவங்க அத்தனைதான் அனுப்புவாங்க. ஒன்னு காலியாச்சுன்னா, 'ஒன்னு அனுப்பு'ன்னு திரும்பச் சேதி வரும். வர்ற வரைக்கும் காத்திருக்கணும். அதனாலதான் இங்க எதுவும் சிந்தறதில்லை. அந்த எண், எத்தனை நேரம் காத்திருந்தோம்ங்கறது."

நடுவில் ஒரு தரம் பொன்னுரங்கம் வாயைத் திறந்தார். என்ன நினைத்தாரோ, மூடிக்கொண்டார். முழுவதையும் கேட்டுவிட்டுத்தான் பேசினார்.

"அப்படின்னா யாரோ ஒருத்தர் தட்டைத் திருப்பித் தராம வச்சிருக்காங்க. அவங்களுக்கான சரக்கு வழியை அடைச்சு நிக்குது. பின்னால நிக்கறவங்க எல்லாம் மாட்டிக்கிட்டாங்க."

"யாருன்னு பாருங்க."

அறைக்குத் திரும்பி, ஸ்விட்ச்சில் கேபிள் மாட்டுகிற ஒவ்வொரு போர்ட்டாகப் பார்த்தார். காத்திருப்பு எண் எங்கே அதிகமாக ஏறுகிறது என்று பின்தொடர்ந்து போனார். கடைசியில் ஒரே ஒரு போர்ட்டில் போய் முட்டியது. அதில் இருந்த சர்வர், கொடு கொடு என்று மலையளவு கேட்கிறது, வந்ததை வாங்கத் திராணி இல்லை. அதற்கு யாரோ எந்தக் காலத்திலோ வைத்த பெயர், 'பழைய ரிப்போர்ட்'.

"சிக்கிட்டானுங்க!" என்று துள்ளினார். "பழைய ரிப்போர்ட் மெஷின். இதுக்குத்தானா இத்தனை பேர் அவதிப்படறது? போர்ட்டை மூடிட்டாப் போச்சு. மேடம், சாவி குடுங்க."

தில்ஷாத் தன் கீபோர்டை அவர் பக்கம் நகர்த்தினார். திரையில் அட்மின் லாகின் திறந்திருந்தது. "மூடுங்க சார்."

பொன்னுரங்கம் கீபோர்டை இழுத்துக்கொண்டார். கட்டளையை அடித்தார். என்டர் மேல் விரலை வைத்தார்.

"அந்தப் பக்கம் யாரு?" என்று கேட்டார் தில்ஷாத்.

தெரியும் என்ற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. பழைய ரிப்போர்ட், அதான் பேரே இருக்கே. ஆனால் அந்தப் பேரை வைத்தது யார், எப்போது, இன்றைக்கு அந்தக் கேபிளின் முனையில் யார் உட்கார்ந்து எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்?  தெரியாது என்று இவர் முன்னால் சொன்னால் சீட்டு போச்சு. அது நிச்சயம் என்றுதான் அவர் நினைத்தார்.

"தெரியலைங்க" என்றார்.

 பொன்னுரங்கம் கீபோர்டிலிருந்து கையை எடுத்தார். கேபிளில் ஒட்டியிருந்த அறை எண்ணைப் பார்த்துக்கொண்டு கிளம்பினார்.

அந்த எண்ணுக்குரிய அறை ரத்த வங்கி. உள்ளே சகாயமேரி என்ற டெக்னீஷியன் போனைத் தோளில் இடுக்கியபடி நின்றாள். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து கேட்கிறார்கள், எந்த குரூப் எத்தனை பை இருக்கிறது என்று. அவள் பார்த்துச் சொல்வது அந்த சர்வரில்தான். போர்ட்டை மூடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பொன்னுரங்கம் நினைத்துப் பார்த்தார். கதவோரம் நின்று அவள் பேசி முடிக்கக் காத்திருந்தார்.

போனை வைத்துவிட்டு அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "ஏனுங்க, போன தடவை வந்தவரும் நீங்கதானுங்களே?"

"நானா?"

"மெஷின் மெதுவா இருக்குன்னு கம்ப்ளெயின்ட் குடுத்தேன். வந்தீங்க. நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள தெரியும் தெரியும்னுட்டு, ஒரு கேபிளை மாத்திட்டுப் போயிட்டீங்க."

பொன்னுரங்கத்துக்கு அவமானமாக இருந்தது. "தப்புதானுங்க. இப்பச் சொல்லுங்க அம்மிணி. முழுசாச் சொல்லுங்க."

சொன்னாள். புது மென்பொருள் போட்ட பிறகு, காலையில் மெஷினைத் திறந்தாலே அது ரத்த வங்கி ஆரம்பித்த நாளிலிருந்து இருக்கிற பழைய பதிவு மொத்தத்தையும் அள்ள ஆரம்பிக்கிறது; நாளுக்கு நாள் அது கூடிக்கொண்டே வருகிறது. அவளுக்கு இன்றைய கையிருப்பு மட்டும் போதும். வேண்டாம் என்று சொல்ல ஓர் இடம் இருக்கிறதாம், அதைத் தொட அவளுக்கு அனுமதி இல்லையாம். அதைத்தான் அன்றைக்கே சொல்ல வந்தாளாம்.

பொன்னுரங்கம் அவள் முன்னாலேயே அந்த ரத்த வங்கி மென்பொருளைப் பார்க்கிறவருக்குப் போன் போட்டு, அதை நிறுத்த வைத்தார். தியேட்டருக்குப் பதில் சொல்வது ஒரு நிமிஷம்கூடத் தடைபடவில்லை.

திரும்பி வந்தபோது திரையில் அந்த எண் நின்றிருந்தது. ஸ்கேன் பிரிவில் படங்கள் திறந்துகொண்டிருந்தன.

"நீங்க போனதும் அந்த சர்வரோட சரக்கை மட்டும் தனி வரிசைக்குத் தள்ளிவிட்டேன். அது மெதுவா வாங்கிக்கட்டும், மத்தவங்க போகட்டும்னு. அதுக்கும் இந்த மென்பொருள்ல வழி இருக்குங்க சார்" என்றார் தில்ஷாத்.

"மூடாமயே சமாளிக்கலாமுங்களா? எப்படிங்க?"

"சொல்றேன், உட்காருங்க" என்றவர், அதற்கு முன்னால் திரையில் ஏதோ மாற்றினார். பொன்னுரங்கம் எட்டிப் பார்த்தார். பயனாளர் பட்டியலில் அவருடைய பெயருக்கு எதிரே அட்மின் என்று மாறியிருந்தது. மேனேஜருக்கும் ஒரு வரிச் செய்தி போயிருந்தது: இவரிடம் விடலாம்.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது.  அப்புறம் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"மேடம், எல்லாம் தெரியும் தெரியும்னு சொல்லிட்டிருந்தேன், அப்பெல்லாம் குடுக்கலை. இன்னைக்குத் தெரியலைன்னு சொன்னேன். இன்னைக்குப் போய்க் குடுக்கறீங்களே?"

"நான் முதல் நாள்ல இருந்தே அனுப்பக் காத்திட்டுத்தான் சார் இருந்தேன். இடம் இருக்குன்னு உங்ககிட்ட இருந்து இன்னைக்குத்தான் சேதி வந்துச்சு."