வெயிலுமுத்துவின் வீங்கிய கன்னம்

அணைக்கு அந்தப் பக்கம் சொக்கன்கரடு என்று ஓர் ஊர் இருந்தது. இப்போதும் இருக்கிறது. அங்கிருந்து டவுனுக்கு அணையின் மேல் நடந்துதான் போக வேண்டும். ஊர்க்காரர்கள் ஒவ்வொருவரும் போட்டோ ஒட்டிய அடையாள அட்டையைக் காட்டினால்தான் இனி அணையைக் கடக்கலாம் என்று ஒரு நாள் உத்தரவு வந்தது.

அதற்கு முன் அந்த ஊரில் போட்டோவில் விழுந்தவர் சடையப்பர் ஒருவர்தான். அதுவும் யாரோ ஒருவரின் கல்யாணப் படத்தில், ஓரமாக, ஒரு காது மட்டும். மிச்சமுள்ள சடையப்பர் சட்டத்துக்கு வெளியே நின்றுவிட்டார். ஆனாலும் ஊரில் படித்தவர் அவர்தான். எட்டாம் வகுப்பு வரை பார்த்திருக்கிறார், சன்னல் வழியாக.

போட்டோக்காரர் வந்த அன்று வெயிலுமுத்துவுக்குக் கடைவாய்ப் பல்லில் சொல்ல முடியாத வலி. வலது கன்னம் பணியாரம் போல உப்பி, அந்தப் பக்கத்துக் கண் பாதி மூடியிருந்தது. வீக்கம் வற்றியதும் எடுக்கலாமே என்று கெஞ்சிப் பார்த்தான். இன்று விட்டால் அடுத்த வருஷம்தான் என்றார் போட்டோக்காரர். பள்ளிக்கூடச் சுவரில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டி, எல்லாரையும் ஒவ்வொருவராக அதன் முன்னால் உட்காரவைத்து, அசையாதீர்கள் என்று சொல்லி எடுத்தார். எடுத்தவர், இனி அசையலாம் என்று சொல்ல மறந்து போய்விட்டார். முப்பத்திரண்டு பேர் சாயங்காலம் வரை ஆளுக்கொரு இடத்தில் ஆடாமல் அசையாமல் இருந்தார்கள். கடைசியில் மழை வந்து எழுப்பிவிட்டது.

மூன்று வாரம் கழித்து அட்டைகள் வந்தன. அதற்குள் வெயிலுமுத்துவின் வீக்கம் வற்றியிருந்தது. அணைச் சாவடிக் காவலர் அட்டையையும் அவனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, முகம் படத்தோடு ஒத்துப்போக வேண்டுமே என்று சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லி, போகச் சொல்லிக் கையைக் காட்டினார். வெயிலுமுத்து போகவில்லை. வந்த வழியே திரும்பி ஊரைக் கூட்டினான்.

"தப்பு படத்துலயா, மூஞ்சியிலயா? மொதல்ல அதத் தீர்ப்போம்" என்றார் சடையப்பர்.

"மூஞ்சி நாப்பது வருசமா இருக்கு அண்ணாச்சி. படம் நேத்துத்தான வந்துச்சு."

"இருக்கட்டும்ல. படத்து மேல சர்க்கார் முத்திரை குத்தியிருக்கு. ஒம் மூஞ்சி மேல குத்தியிருக்கா?"

வெயிலுமுத்து கன்னத்தைத் தடவிப் பார்த்தான். இல்லை. முகத்திலும் ஒரு முத்திரை குத்திவிட்டால் என்ன என்று ஒருவர் கேட்டார். அதற்கு மேலிடத்தில் அனுமதி வாங்க வேண்டும் என்று சடையப்பர் சொல்லவே, படம் எப்படியோ முகமும் அப்படியே இருக்க வேண்டியது என்று முடிவாயிற்று.

அன்று முதல் ஊர் கவனமாக நடந்துகொண்டது. மாரக்காளுக்குப் படத்தில் கண் மூடியிருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டே அணையைக் கடந்தாள். பார்த்துப் போங்கம்மா என்று காவலர் பதறியபோது, திறந்தால் அது நானில்லையே தம்பி என்று சாந்தமாகச் சொன்னாள். எல்லார் படத்திலும் பின்னால் வெள்ளையாக இருந்ததால், கடப்பவர் முதுகுக்குப் பின்னே இரண்டு பேர் வேட்டியை விரித்துப் பிடித்தபடி நடந்தார்கள். அந்த இரண்டு பேருக்குப் பின்னே பிடிக்க நாலு பேர் வேண்டியிருந்தது. நாலு பேருக்கு எட்டுப் பேர். ஒருவர் தீப்பெட்டி வாங்கப் போக வேண்டுமென்றால் ஊரே கிளம்பிற்று.

காவலர் நல்ல மனிதர். முதல் வாரம் சிரித்தார். இரண்டாம் வாரம் இடமாறுதல் கேட்டு எழுதிப் போட்டார்.

வெயிலுமுத்துவின் பாடுதான் பெரும்பாடாகிவிட்டது. கன்னத்துக்குள் ஒரு கொட்டைப்பாக்கை ஒதுக்கிப் பார்த்தான். அது ஆள்மாறாட்டம் என்று சடையப்பர் துப்பச் சொல்லிவிட்டார். வீக்கம் என்றால் நிஜமான வீக்கமாக இருக்க வேண்டும். ஆகவே தினமும் சொத்தைப் பல்லில் கருப்பட்டித் துண்டை அடக்கிக்கொண்டான். பல் நன்றாக ஒத்துழைத்தது. கன்னம் உப்பியது, கண் பாதி மூடியது, வலி காது வழியாக உச்சந்தலைக்கு ஏறியது. ஊரார் முறைவைத்து வீடுதேடி வந்து, வீக்கம் சௌக்கியமா என்று விசாரித்துப் போனார்கள். அவன் மனைவி பரமாயி புருஷன் மேல் உயிராக இருப்பவள். வலி தாங்காமல் அவன் எடுத்துக் கடித்துவிடக் கூடாதே என்று வீட்டிலிருந்த கிராம்பையெல்லாம் ஒளித்துவைத்தாள்.

மத்தியான வேளைகளில் வெயிலுமுத்து அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அட்டையில் இருப்பவனுக்கும் வலிதான். ஆனால் அவனுக்கு வலித்தது ஒரு கண்ணிமைப்பு. அந்த ஒரு கண்ணிமைப்பை இவன் இரண்டு மாதமாகச் சுமந்துகொண்டிருந்தான். பல்லைப் பிடுங்கினால் வலி போகும். வலி போனால் வீக்கம் போகும். வீக்கம் போனால் வெயிலுமுத்தும் போய்விடுவான்.

கடைசியில் காய்ச்சல் கண்டது. கஞ்சியும் இறங்கவில்லை. இனி ஆஸ்பத்திரிதான் என்று பரமாயி அழுதாள். சடையப்பர் யோசித்து வழி சொன்னார். பல்லை மட்டும் எடுத்துக்கொண்டு வீக்கத்தை விட்டுவிடும்படி டாக்டரிடம் சொல்லிவிடலாம்.

வேட்டியும் ஊருமாகக் கிளம்பினார்கள். காவலர் அட்டையைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். அச்சு அசலாக இருக்கிறதே என்றார். அத்தனை வலியிலும் வெயிலுமுத்துவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

டாக்டரிடம் விஷயத்தைச் சொன்னார்கள். அவர் வாயைத் திற என்பதைத் தவிர வேறு பேச்சு வைத்துக்கொள்ளவில்லை. பல்லைப் பிடுங்கி, சீழை எடுத்து, மூன்று நாள் உள்ளேயே படுக்கவைத்தார்கள். ஊர் வாசலில் காத்துக் கிடந்தது.

நாலாம் நாள் காலையில் வெயிலுமுத்து வெளியே வந்தான். இரண்டு கன்னமும் ஒட்டி, இரண்டு கண்ணும் மலர்ந்திருந்தன. ஊரைக் கண்டதும் சிரித்தான்.

"ஐயா, உள்ள வெயிலுமுத்துன்னு ஒருத்தரு. எந்திரிச்சிட்டாரா?" என்று சடையப்பர் மரியாதையாகக் கேட்டார்.

"அண்ணாச்சி, நாந்தான் வெயிலுமுத்து."

சடையப்பர் அட்டையை எடுத்து அவன் கையில் கொடுத்தார். வெயிலுமுத்து அதை வெகுநேரம் பார்த்தான். பிறகு பரமாயியைப் பார்த்தான்.

"கொரலு அவுக கொரலுதான்" என்றாள் அவள், தயங்கித் தயங்கி. "ஆனா கொரலு படத்துல இல்லையே."

வெயிலுமுத்து கன்னத்தை அமுக்கினான். தட்டினான். நாக்கை விட்டுத் துழாவினான்.

"எனக்கு எங்கயுமே வலிக்கலையே" என்றான் மெதுவாக. வெயிலுமுத்து என்றால் வலி இருக்க வேண்டும். அது அவனுக்கே நன்றாகத் தெரியும்.

பாவம், அந்த மனிதர் உள்ளே என்ன பாடு படுகிறாரோ என்று அவனே போய் விசாரித்துவரக் கிளம்பினான். வெயிலுமுத்து காலையிலேயே வீட்டுக்குப் போயாயிற்று என்று நர்ஸ் சொன்னாள். வந்து சொன்னான். சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாரே என்று எல்லாருக்கும் மனத்தாங்கல். வேகமாக ஊர் திரும்பினார்கள். கூடத் தேடிய நல்லவனாயிற்றே என்று அவனையும் அழைத்துக்கொண்டார்கள்.

சாவடியில் அன்று புதுக் காவலர். இவர் யார், அட்டை எங்கே என்றார். வெயிலுமுத்துவைப் பார்க்க வந்தவர் என்றார் சடையப்பர். அப்படியானால் விருந்தாளி, ஆறு மணிக்குள் திரும்பிவிட வேண்டும் என்று காவலர் நோட்டில் எழுதிக்கொண்டார்.

வீட்டில் வெயிலுமுத்து இல்லை. வந்த விருந்தாளியைப் பரமாயி வெறும் வயிற்றோடு அனுப்புவாளா? கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். அவன் இரண்டு பக்கத்துப் பல்லாலும் மென்று, இரண்டு மாதப் பசி தீரச் சாப்பிட்டான். இப்படி ஒரு கைப்பக்குவம் கிடைக்க அந்த மனிதர் கொடுத்துவைத்தவர் என்றான். பரமாயி வெட்கப்பட்டு உள்ளே போய்விட்டாள்.

ஐந்தரை மணி ஆயிற்று. வெயிலுமுத்து வரவில்லை. வெயிலுமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தான்.

"வந்தா, நான் வந்து ரொம்ப நேரம் இருந்து பாத்துட்டுப் போனேன்னு சொல்லுங்க."

"யாரு வந்தாகன்னு சொல்ல?"

அவன் படியில் நின்று யோசித்தான்.

"அவருக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு அணையைப் பார்த்து நடந்தான்.